செல்வராஜுக்குக் கொடுக்க என் பையில் ஒன்றும் இல்லை

ஜன. 20, செவ்வாய்

காலை எட்டு வரை பனி. மன்னார்குடி சாலையில் ஸ்கூட்டர் விளக்கைப் போட்டுக்கொண்டே வந்தேன். அறுவடை மெஷின்கள் இன்னும் வயலில் இறங்கவில்லை, ரோட்டோரம் வரிசையாக நிற்கின்றன.

மேனேஜர் கேட்ட அறிக்கை மாதக் கடைசிக்குள் போக வேண்டும். சிகரெட், பீடியை விட வைக்கும் எங்கள் நிகோடின் சூயிங்கமும் தோலில் ஒட்டும் பேட்சும் டெல்டாவில் விற்குமா, இனி எப்படிப் போகும். தேறாது என்று பட்டால் இந்த ஏரியாவைத் திருச்சியோடு சேர்த்துவிடுவார்கள். மெடிக்கல் ரெப் நானும் திருச்சிக்கு.

இன்று கேட்டவை:
– கூத்தாநல்லூர், இரண்டு மருந்துக்கடை. வெளிநாட்டிலிருந்து திரும்பியவர்கள் பெயர் சொல்லியே சூயிங்கம் கேட்கிறார்களாம். அங்கே பழகியது.
– தி.பூண்டி (திருத்துறைப்பூண்டி), பஸ் ஸ்டாண்டு கடை. வாங்குவது பெரும்பாலும் மனைவிமார். வீட்டில் யார் மெல்கிறார்களோ, தெரியாது.
– அதே கடைக்காரர்: மிட்டாய் மாதிரி கடித்து விழுங்கிவிட்டு, விக்கல் நிற்கவில்லை என்று சண்டைக்கு வருகிறார்கள்.
– பீடி குடிப்பவர்கள் கேட்பதே இல்லை. அது சிகரெட்காரர்களுக்கு என்று நினைப்பு.

ஸ்கூட்டர் பிரேக் கிறீச்சிடுகிறது. பார்க்க வேண்டும்.

ஜன. 22, வியாழன்

நல்ல வெயில். தி.பூண்டி ஆஸ்பத்திரி ஒன்றில் வியாழன்தோறும் புகையை விடுவதற்கு ஆலோசனை. டாக்டரிடம் கேட்டுக்கொண்டு ஓரமாக உட்கார்ந்தேன். ஆலோசகர் ஸ்டெல்லா சிஸ்டர். ஐம்பது வயதிருக்கும், முன்பு பிரசவ வார்டு நர்ஸ். யாரையும் திட்டுவதில்லை. முதல் கேள்வியே, காலையில் எழுந்து எத்தனை நிமிடத்தில் முதல் பீடி என்பதுதான். அந்த ஒரு பதிலில் ஆளை எடை போட்டுவிடுகிறார். எங்கள் பயிற்சியில் இதற்கு அரை நாள் ஆனது.

சூயிங்கம் மெல்லும் விதத்தை நான் செய்து காட்டினேன். மெதுவாக மென்று, காரம் தெரிந்ததும் கன்னத்தில் ஒதுக்கி வைக்க வேண்டும். டீ குடித்த கையோடு கூடாது.

பிறகு செல்வராஜ் என்பவர் வந்தார். முப்பத்தெட்டு வயது. நெல் கொள்முதல் நிலையத்தில் மூட்டை தூக்குகிறார். வலது காலில் இரண்டு விரல் கறுத்துவிட்டது. பீடியால் ரத்தக்குழாய் அடைபடும் நோய். விட்டால் கால் தப்பும், விடாவிட்டால் முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டி வரலாம் என்றார் டாக்டர். செல்வராஜ் என் கையிலிருந்த சூயிங்கம் அட்டையைக் காட்டி, அதைக் கொடுங்கள் என்றார்.

"உங்களுக்கு மட்டும் அது வேணாங்க. அதுலயும் நிகோடின்தான் இருக்கு. உங்க ரத்தக்குழாய்க்கு அது எந்த ரூபத்துலயும் ஆகாது," என்றார் டாக்டர்.

நிகோடின் இல்லாத மாத்திரை எழுதிக் கொடுத்தார். அது வேறு கம்பெனி. அட்டையைப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

செல்வராஜ் இன்றே விடுகிறேன் என்றார். மாத்திரை பிடிக்க ஒரு வாரம் ஆகும், அது வரைக்கும் கஷ்டமாக இருக்கும் என்று சிஸ்டர் சொல்லியும் கேட்கவில்லை.

ஜன. 28, புதன்

மேகம். களத்தில் நெல் கொட்டியிருப்பவர்கள் எல்லாம் வானத்தைப் பார்த்தபடி.

கொள்முதல் நிலையம் வழியே வந்தேன். செல்வராஜ் ஸ்டூலில் உட்கார்ந்து சாக்கின் வாயைத் தைத்துக்கொண்டிருந்தார். தூக்க முடியாததால் இந்த வேலை. சுற்றி எல்லார் வாயிலும் பீடி. என்னைப் பார்த்ததும் கம்பை ஊன்றி ஸ்கூட்டர் வரைக்கும் வந்துவிட்டார். நெற்றியில் வேர்வை. பீடியை விட்டு இன்று ஆறாவது நாள்.

"மேடம், பையில இருக்குறதுல ஒண்ணே ஒண்ணு கொடுங்க. பீடிக்கு அது தேவலைதானே?"

கொடுத்திருக்கலாம். யாருக்கும் தெரியாது. மாட்டேன் என்றேன், எனக்கே கேட்காத குரலில். அப்படியானால் பீடிதான் என்று திரும்பினார். ஸ்டெல்லா சிஸ்டருக்குப் போன் போட்டேன்.

"அஞ்சு நிமிஷம்தாம்மா அந்த வெறி. புத்தி சொல்லாத. அவருக்குத் தெரிஞ்சது ஏதாவது கேளு, அவரப் பேச விடு."

மூட்டையை எப்படித் தூக்குவது என்று கேட்டேன். முறைத்தார். பிறகு மெல்லச் சொன்னார். கழுத்தில் விழக்கூடாது, தோளுக்கும் பிடரிக்கும் நடுவில் விழ வேண்டும். மூச்சை அடக்கக்கூடாது. லாரிப் பலகையில் ஏறும்போது கீழே பார்க்கக்கூடாது. ஈரநெல் என்றால் முதல் எட்டிலேயே முதுகுக்குத் தெரிந்துவிடும். சொல்லச் சொல்ல நெற்றி வேர்வையைத் துடைத்துக்கொண்டார். கால் மணி நேரம் போயிருக்கும். போய் உட்கார்ந்து ஊசியில் சணலைக் கோத்தார்.

விட்டவர்களைப் பற்றி எத்தனையோ டாக்டர்களிடம் படம் காட்டிப் பேசியிருக்கிறேன். ஒரு மனிதர் விடுவதை இன்றுதான் பக்கத்தில் நின்று பார்த்தேன்.

பிப். 5, வியாழன்

அறிக்கை போயிற்று, ஐந்து நாள் தாமதமாக. எழுதியதில் முக்கியம்: சந்தை இருக்கிறது, ஆனால் கடை அலமாரியில் இல்லை. தினமும் கூப்பிட்டு விசாரிக்க ஓர் ஆள் இருக்கும் ஊரில் இருக்கிறது. பீடி குடிப்பவர்களுக்குப் படத்தோடு தமிழில் சீட்டு வேண்டும். மருந்து பாதி, ஸ்டெல்லா சிஸ்டர் பாதி.

மேனேஜர் கூப்பிட்டு, எண்ணிக்கை எங்கே, கதை எழுதியிருக்கிறாயே என்றார். எழுதியதை மாற்றவில்லை.

சென்ற வாரம் ஒரு சாவு வீட்டில் செல்வராஜ் ஒரு பீடி பிடித்துவிட்டாராம். அவரே வந்து சொன்னார், தலையைக் குனிந்துகொண்டு. சிஸ்டர் கோபிக்கவில்லை. எத்தனை மணிக்கு, யார் நீட்டியது என்று மட்டும் கேட்டுக் குறித்துக்கொண்டார். மறுநாளிலிருந்து புது எண்ணிக்கை. ஏன் திட்டவில்லை என்று நான் கேட்டபோது, "வந்து சொன்னார்ல, அதாம்மா பெருசு," என்றார் என்னிடம்.

பிப். 19, வியாழன்

தஞ்சாவூர். பஸ்ஸில் உட்கார இடமில்லை. செல்வராஜுக்கு நேற்று ஆபரேஷன். விரல் இரண்டும் போயின. கால் இருக்கிறது. முழுக் காலும் இருக்கிறது.

வார்டு வாசலில் அவர் மனைவி ராணி. ஆரஞ்சுப் பழம் கொண்டுபோயிருந்தேன், வாங்கி வைத்துக்கொண்டார். ஒரு பழத்தை உரித்துச் சுளைகளைப் பிரித்து வைத்தார். பிறகு சொன்னார்:

"கல்யாணம் ஆகி பதினாறு வருஷம். இப்பதாங்க அவரு வாசனை என்னன்னு எனக்குத் தெரியுது."



மார்ச் 24, செவ்வாய்

காலையிலேயே வெயில் ஏறிவிட்டது. தண்ணீர் பாட்டில் மறந்தேன். ஏரியாவைத் திருச்சியோடு சேர்க்கும் பேச்சு ஆறு மாதம் தள்ளிவைப்பு. பீடி குடிப்பவர்களுக்கான படச் சீட்டு அச்சுக்குப் போயிருக்கிறது.

செல்வராஜண்ணன் திரும்ப வேலைக்கு வந்துவிட்டார். புண் ஆறிவிட்டது. மூட்டை தூக்க டாக்டர் இன்னும் விடவில்லை, தையல்தான். நான் நின்றுகொண்டிருந்தபோது மூட்டை தூக்குபவர்கள் ஆறு பேரும் எழுந்து, அடுக்கிய மூட்டைகளைத் தாண்டி வாய்க்கால் கரைக்குப் போய்ப் பீடி பற்றவைத்தார்கள். அங்கே உச்சி வெயில். நிழல் முழுக்க இந்தப் பக்கம். யார் சொல்லி அங்கே போகிறார்கள் என்று அண்ணனிடம் கேட்டேன். யாரும் சொல்லவில்லை, தான் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாள் முதல் அவர்களாகவே போகிறார்கள் என்றார், தையலிலிருந்து கண்ணை எடுக்காமல்.

ஸ்கூட்டரை எடுக்கும்போது அந்த ஆறு பேரில் மூத்தவர் தலைத்துண்டை அவிழ்த்தபடி வந்தார்.

"அந்த சிஸ்டர் வியாழக்கெழம எத்தன மணிக்குங்க வருவாங்க?"

ஒன்பது என்றேன்.