கந்தூரியில் அணைக்க மறந்த மைக்

றபீஉல் ஆகிர் 11, வியாழன்.

ரேடியோவும் ஒலிபெருக்கியும் திருத்துவதுதான் என் தொழில். அப்படியிருந்தும் இன்று பள்ளிவாசலின் நினைவு விருந்தான கந்தூரியில் மைக்கை அணைக்க மறந்துவிட்டேன்.

பகல் லுஹர் தொழுகை முடிந்ததும் அதை நடத்திய லெப்பை, இறைநேசர் முஹைதீன் ஆண்டகையின் சிறுபிராயத்தைச் சொன்னார். உம்மா சட்டைக்குள் தைத்துக் கொடுத்த பொற்காசுகளைக் கொள்ளையரிடம் ஒளிக்காமல் சொன்ன பிள்ளை அவர். பேச்சு முடிந்து நான் மைக்கை மடியில் வைத்து மிச்ச வயரைச் சுருட்டும்போது, என் மனைவி ஸரீனாவின் வாப்பா பக்கத்தில் வந்து குந்தினார்.

"மருமகன், ராவைக்கு ஒழுங்காச் சமைச்சித் தின்றீங்களா?"

அவள் இறந்த ஐந்து மாதமாக "ஓ மாமா" என்றே சொல்லி வந்தேன். இன்று அந்தப் பொய் வாயில் வரவில்லை.

"இல்ல மாமா. ஸரீனா மவுத்தானதுலேர்ந்து அடுப்பே பத்த வைக்கல்ல. கடைப் பாணும் பிளேன்டீயும்தான். மாமிக்கிட்டச் சொல்லிராதீங்க."

கூரையிலிருந்த ஒலிபெருக்கி அதைத் தெருவுக்கே சொன்னது. லெப்பை தாடியைத் தடவிச் சிரிப்பை அடக்கினார்.

"மாமிக்கு மட்டுமா? பக்கத்து ஊரு அலுவிகாரை வரைக்கும் கேட்டிருக்கும்" என்று மாமா என்னைச் சாப்பாட்டுச் சஹனில் உட்கார வைத்தார். ஒரே தட்டில் ஆறு பேர். மற்ற ஐந்து பேரும் இறைச்சியை என் பக்கமே தள்ளிக்கொண்டிருந்தார்கள். தின்று முடித்தேன்.

அந்தி மஃரிபு தொழுகைக்குப் பிறகு மாமி விறகோடு என் வீட்டுக்கு வந்தார். அடுப்படியை எட்டிப் பார்த்தார்.

"இதுக்குள்ள பூனையா மகன் படுக்கிது?"

இனி எதை மறைப்பது? "ஓ மாமி. குட்டியும் போட்டிருக்கு" என்றேன்.

மாமி கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். அடுப்பு இன்னும் சூடாக இருக்கிறது. குட்டிகள் என் கருவிப் பெட்டிக்குள் தூங்குகின்றன.