றெக்கைக்கு அடியில் சிவப்பு நூல்

உன் தையல் டப்பாவை நேற்றுத் திறந்தேன். ஏழு மாதமாகத் தொடவில்லை. பாச்சை உருண்டை வாசனையோடு அந்தச் சிவப்புக் கம்பளி நூல் அப்படியே இருந்தது. பள்ளிக்கூடத்தில் நீ எடுத்த தையல் வகுப்பில் மீந்தது. "மெட்ராஸ் வெயில்ல யாருக்கு ஸ்வெட்டர்?" என்று கேட்டதற்கு, "உங்க காருக்குத்தான்" என்றாய்.

நானும் நண்பன் பாஸ்கரும் அடையாறு ஷெட்டில் கட்டிய ரேஸ் கார். அதன் பின்பக்கம் அலுமினியத் தகட்டில் ஒரு றெக்கை பொருத்தியிருந்தேன். விமான றெக்கையைக் கவிழ்த்து வைத்த மாதிரி. காற்று அதைக் கீழே அழுத்தினால் பின்சக்கரங்கள் தரையைக் கவ்வும், வளைவில் வண்டி வழுக்காது. காற்றின் போக்கைப் பார்க்க, விரல் நீளத்துக்கு நூலை வெட்டி வண்டி முழுக்க ஒட்டியது நீ. விடிகாலையில் பெசன்ட் நகர் கடற்கரைச் சாலையில் நான் ஓட்ட, பாஸ்கரின் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே வந்தாய்.

"மூக்குல இருக்கிற நூலெல்லாம் சமத்தா படுத்திருக்குங்க. றெக்கைக்கு அடியில இருக்கிறதுதான் பேயாட்டம் ஆடுது. எஞ்சின் மூடி காத்தை மறைக்குது. ஒசத்தி வையுங்க."

"கணக்கு போட்டுத்தான் வச்சிருக்கேன்."

"உங்க கணக்கு காத்துக்குத் தெரியுமா?"

"தங்கச்சி கேக்குது இல்ல? பதில் சொல்லு மச்சி!" பாஸ்கர் சிரித்தான்.

நான் உயர்த்தவில்லை. சோழவரம் பந்தயத்தில் இரண்டாவது வளைவிலேயே வண்டி சுழன்று வைக்கோல் கட்டுகளில் போய் முட்டியது. டயர் சரியில்லை என்றேன். என் முழங்கையில் டிஞ்சர் தடவிக்கொண்டே, "வீட்டுக்குப் போய் சண்டை போட்டுக்கலாம்" என்றாய். அந்தச் சண்டையை நாம் போடவே இல்லை. அந்த வாரமே உனக்குக் காய்ச்சல் வந்தது. பத்தாம் நாள் என்னைத் தனியாக விட்டுப் போய்விட்டாய்.

பிறகு நான் ஷெட் பக்கம் போகவில்லை. நேற்று பாஸ்கர் நம் வீட்டுக்கே வந்துவிட்டான். "வண்டி சும்மா நின்னுக்கினு கீது, துரு புடிக்குது. ஒண்ணு நீ ஓட்டு, இல்லாட்டி வித்துடலாம். இன்னா சொல்ற?" அவன் போன பிறகுதான் உன் டப்பாவைத் திறந்தேன்.

சாயங்காலமே றெக்கையை ஒரு முழம் உயர்த்தினேன். நூலை வெட்டி ஒட்டினேன். இன்று காலை பாஸ்கர் காரை ஓட்ட, ஸ்கூட்டரில் நான் பின்னால் போனேன். அடியில் இருந்த நூல்கள் ஒன்றுகூட ஆடவில்லை. வாரிவிட்ட தலைமுடி மாதிரி படிந்து கிடந்தன. சண்டையில் ஜெயித்தது நீதான்.

வண்டியை விற்கவில்லை. அடுத்த மாதம் சோழவரத்தில் நான்தான் ஓட்டுகிறேன். மற்ற நூல்களையெல்லாம் பிய்த்தெடுத்துவிட்டேன். றெக்கைக்கு அடியில் ஒன்றை மட்டும் விட்டிருக்கிறேன். ஓட்டுகிற எனக்கு அது தெரியாது. எனக்குப் பின்னால் வருகிறவர்களுக்குத் தெரியும்.