சும்மா இருக்கிற வேலை

பாரிஸ் அடுக்குமாடி வீட்டில் கரிகாலன் இன்னும் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். பிள்ளைகளின் கோடை விடுமுறைக்கென்று மனைவி சுபாங்கியைக் கேளாமலே நாய்க்குட்டியைக் கொண்டுவந்தவன் அவன். நேற்றுச் சிநேகிதர்களுக்கு முன்னால், "வீட்டிலை சும்மா இருக்கிறவளுக்கு அது ஒரு பொழுதுபோக்கு" என்று சொல்லிச் சிரித்தவனும் அவன்தான். அவளுக்கு அது ஆறவில்லை. பேனையை எடுத்தாள்.

"இஞ்சேருங்கோ, நான் ஆர்ஜொந்தெய்க்கு அக்கா வீட்டை போறன். இரவுதான் வருவன். புட்டு மேசையிலை இருக்கு. சின்னவளுக்குச் சம்பல் குடுக்காதேங்கோ, உறைக்கும். உங்கடை சிநேகிதர்மார் நேற்று ரூ காய்த் தமிழ்க்கடைத் தெருவிலை வாங்கிவந்து தீத்தின கொத்துரொட்டியாலை நாய்க்குட்டிக்கு வயித்தாலை போகுது. அடிக்கடி கீழை கொண்டுபோகவேணும். லிப்ட் வேலை செய்யேல்லை. பின்னேரம் அப்பா பார்க்கிலை தண்ணி விளையாட விடுவார் எண்டு பிள்ளையளுக்குச் சொல்லிப்போட்டன். பக்கத்து வீட்டு இரட்டையளும் வருங்கள். சும்மா இருக்கிற வேலைதானே, செய்து பாருங்கோ."

கைப்பையை எடுத்தபோது சோபாவுக்குப் பின்னால் குட்டி எதையோ சப்பும் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தாள். திரும்பி வந்து, தாளின் அடியில் நெருக்கி எழுதினாள்:

"குட்டி உங்கடை புதுச் சப்பாத்தைக் கடிச்சுக்கொண்டிருக்குது. கண்டனான். பறிக்கேல்லை."