சப்பாத்தியும் ருக்கையாவின் முழங்காலும்

2024 ஜூலை 8, திங்கள்

இன்று மாலை, என்னைத் தவிர வேறு யாரும் இல்லாத கூட்டத்தில், இனி இந்த வீட்டின் இரவு உணவு சப்பாத்தி என்றும், அதைக் கடையில் வாங்காமல் நானே செய்வேன் என்றும் ஒருமனதாக முடிவெடுத்தேன். முடிவு உடனடியாக அமலுக்கு வருகிறது. மக்ரிப் தொழுகைக்குப் பிறகு ருக்கையாவிடம் அறிவித்தேன். "சரி" என்றாள். முப்பத்தெட்டு வருட மணவாழ்க்கையில் என் முடிவு எதற்கும் இவ்வளவு விரைவாக ஒப்புதல் கிடைத்ததில்லை.

காரணத்தையும் எழுதிவைக்கிறேன். அவளுடைய வலது முழங்கால் தேய்ந்துவிட்டது. செயற்கை மூட்டு வைக்க வேண்டும். ஆனால் மூன்று மாதச் சர்க்கரை 9.1. எட்டுக்குக் கீழே வந்தால்தான் கத்தி வைப்பேன் என்கிறார் டாக்டர். லிஃப்டிலிருந்து வீட்டுக்கு வருவதற்குள் ருக்கையா இரண்டு இடத்தில் நிற்கிறாள். நிற்கும்போது பக்கத்து வீட்டுச் செடிகளை ரசிப்பதாகப் பாவனை. அந்தச் செடிகள் பிளாஸ்டிக்.

ஜூலை 9, செவ்வாய்

தேக்கா சந்தையில் ஆட்டா மாவு, பலகை, கட்டை வாங்கினேன். கடைக்காரர் நெய்னா முகம்மது கட்டையைப் பையில் போட்டபடி, "வீட்ல யாருக்குண்ணே சுகர்?" என்றார். சரியான கேள்விதான். நம் வீடுகளில் சப்பாத்தி உணவு அல்ல, தண்டனை. ஒருவருக்கு நோய் வர வேண்டும், அல்லது கல்யாணத்துக்குள் இளைக்க வேண்டும். அப்போதுதான் மாவு பிசையப்படுகிறது.

மாவு முதலில் சுவருக்குப் பூசும் பதத்தில் இருந்தது. இன்னும் மாவு சேர்த்தேன், செங்கல் ஆனது. தண்ணீர் சேர்த்தேன், பழையபடி பூச்சு. வட்டம் என்பது எளிய வடிவம் என்று இதுவரை நினைத்திருந்தேன். திருப்பும்போது இரண்டு கிழிந்தன. ஒன்று அடுப்புக்குப் பின்னால் விழுந்தது. இன்னும் அங்கேதான் இருக்கிறது.

ருக்கையா நாற்காலியில் உட்கார்ந்து கடைசிவரை பார்த்துக்கொண்டிருந்தாள். ஊக்கம் என்று எடுத்துக்கொண்டேன்.

ஜூலை 14, ஞாயிறு

ருக்கையாவின் தங்கை ஹஸீனா வந்தாள். இதே புளோக்கில் மூன்று மாடி கீழே இருக்கிறாள். ஒரு சப்பாத்தியை எடுத்து வளைத்துப் பார்த்தாள். அது வளையவில்லை.

"மச்சான், இது திங்கிறதுக்கா, செருப்புக்கு அடியில ஒட்டுறதுக்கா?"

"உன் மச்சான் கையால செஞ்சது. குறை சொல்லாதடி" என்றாள் ருக்கையா. அவள் தட்டில் பாதி அப்படியே இருந்தது.

மெல்பர்னிலிருந்து மகன் உமைர் கூப்பிட்டான். "ஃப்ரோசன் வாங்கிடுங்க லா வாப்பா. யாருக்குத் தெரியப் போகுது?"

"உன் உம்மாவோட முழங்காலுக்குத் தெரியும்" என்றேன். நல்ல பதில். அதற்குள் அவன் வேறொரு அழைப்புக்குப் போய்விட்டான்.

ஜூலை 27, சனி

தோள் வலி. மணிக்கட்டு வலி. வட்டம் வரவில்லை.

ஆகஸ்ட் 9, வெள்ளி

தேசிய தினம். தொலைக்காட்சியில் அணிவகுப்பு. வெதுவெதுப்பான தண்ணீரில் பிசைந்து, ஈரத்துணி போட்டு மூடி, அரை மணி நேரம் தொடாமல் இருந்தேன். போர் விமானங்கள் எங்கள் கூரைக்கு மேல் கடந்த அதே நேரத்தில், கல்லின் மேல் ஒரு சப்பாத்தி உப்பி எழுந்தது. நாடே எழுந்து நின்றது, வேறு காரணத்துக்காக.

ருக்கையாவைக் கூப்பிட்டேன். அவள் வருவதற்குள் அமுங்கிவிட்டது. திருப்பும்போது கிழிந்தும் விட்டது.

செப்டம்பர் 3, செவ்வாய்

அலுத்துவிட்டது. பிசை, ஊறவை, தேய், சுடு, துடை. நாளைக்கும் இதே. புத்தக அலமாரி வரைக்கும் மாவு பறக்கிறது. இந்த வீட்டில் ஒருத்தி முப்பத்தெட்டு வருடம் மூன்று வேளையும் இதைச் செய்திருக்கிறாள் என்ற எண்ணம் வந்தது. உடனே தூங்கிவிட்டேன்.

அக்டோபர் 10, வியாழன்

9.4.

டாக்டர் திரையை மறுபடி பார்த்தார். சாப்பாட்டில் என்ன மாற்றம் என்று கேட்டார். சப்பாத்தி என்றேன். வீட்டில் செய்வதா என்றார். ஆம், நான்தான் என்றேன், கொஞ்சம் மிடுக்காகவே. அவர் மறுபடி திரையைப் பார்த்தார். ஜனவரியில் மீண்டும் சோதனை.

டாக்சியில் ருக்கையா ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள். வருத்தம் என்று நினைத்தேன். இப்போது எழுதும்போது, அது வருத்தம் மாதிரி இல்லையே என்று படுகிறது.

அக்டோபர் 12, சனி

ஹஸீனாவின் பாத்திரம் ஒன்று எங்களிடம் கிடந்தது. கொடுக்கப் போனேன். அவள் அடுப்பில் பெரிய பானை நிறையச் சோறு. வீட்டில் அவளும், படுக்கையில் கிடக்கும் மாமியாரும் மட்டும்தான்.

"இவ்வளவு யாருக்கு?"

"லாத்தாவுக்குத்தான் மச்சான்" என்று தன் அக்காவைச் சொன்னாள். "தினம் நீங்க லைப்ரரிக்குப் போனதும் லிஃப்டுல வந்துடுவா. சோறும் மீன் ஆணமும்." என் முகத்தைப் பார்த்தாள். "உங்களுக்குத் தெரியாதா?"

"எவ்வளவு சாப்பிடுவா?"

"என்ன போலீஸ் மாதிரி கேக்குறீங்க. கல்யாண வீட்டுச் சாப்பாடுதான். நானும் சொல்லிப் பார்த்துட்டேன். 'நீ போடு, கேக்காத'ங்குறா."

பாத்திரத்தைக் கொடுக்க மறந்து கையோடு கொண்டுவந்துவிட்டேன்.

அக்டோபர் 13, ஞாயிறு

கேட்டுவிட்டேன். இரண்டு பேரும் சாப்பாட்டு மேசையில்தான் இருந்தோம்.

"சோத்து மேல இவ்வளவு ஆசை இருந்தா சொல்லியிருக்கலாமே."

"ஆசையா? தொண்டையில எறங்கல. அடைச்சுக்கிட்டுத் தின்னேன்."

"அப்புறம் எதுக்கு?"

"எட்டுக்குக் கீழ வந்தா வெட்டிடுவாங்களே."

மயக்க மருந்துக்குப் பயமா என்றேன்.

"அதை அல்லாஹ் பார்த்துக்குவான். அதுக்கு அப்புறம் நீங்கதானே பார்க்கணும். எழுப்பணும், திருப்பணும், குளிப்பாட்டணும், பாத்ரூமுக்குக் கூட்டிட்டுப் போகணும். உமைர் வர மாட்டான். ஹஸீனாவுக்கு அவ மாமியாவே போதும். எனக்கு டெங்கு வந்தப்போ கஞ்சியைத் தூரத்துல வெச்சிட்டு, கதவுகிட்ட நின்னு பேப்பர் வாசிச்சீங்களே, ஞாபகம் இருக்கா?"

இருந்தது. அன்றைய தலையங்கம் எதைப் பற்றி என்பதுகூட.

"தினமும் அந்த நாற்காலியில உட்கார்ந்து பார்க்கிறேன். ஒரு சப்பாத்தியைக் கிழிக்காம திருப்பத் தெரியல. என்னை எப்படிங்க திருப்புவீங்க?"

சிரிப்பதற்காகச் சொல்லவில்லை. அவள் கண் கலங்கியிருந்தது.

"ஆபரேஷன் வேணுமா ருக்கையான்னு ஒரு தடவையாவது கேட்டீங்களா?"

கேட்டதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். அறிவித்திருக்கிறேன்.

"இப்பக் கேக்கிறேன்" என்றேன்.

"ஆமா, இப்ப வந்து கேளுங்க" என்று சொல்லிவிட்டு மேசையைப் பிடித்து எழப் பார்த்தாள். முடியவில்லை. மறுபடி. கை கொடுக்கலாமா, கோபப்படுவாளா என்று நான் யோசித்து முடிப்பதற்குள் எழுந்து போய்விட்டாள்.

அக்டோபர் 14, திங்கள்

சப்பாத்தி செய்யவில்லை. இருவரும் பன் சாப்பிட்டோம்.

நவம்பர் 2, சனி

சமூக மன்றத்தில் நோயாளிகளைப் பராமரிக்கும் வகுப்பு என்று லிஃப்ட் பக்கத்தில் ஒட்டியிருந்தார்கள். போகட்டுமா என்று ருக்கையாவிடம் கேட்டேன். என் கைகளைப் பார்த்தாள். "போய்ட்டு வாங்க."

இன்று முதல் வகுப்பு. பழகுவதற்காகப் படுத்திருக்கும் பொம்மையின் பெயர் மேடம் டான். ஆளின் எடை இருக்கிறது. கட்டிலில் ஒருக்களித்துப் படுக்கவைக்க வேண்டும். நான் தரையில் படுக்கவைத்தேன். கற்றுக்கொடுக்கும் மலாய்த் தாதி, "அங்கிள், திஸ் ஒன் நாட் பார்சல் லா" என்றார். வகுப்பில் நான் ஒருவன்தான் ஆண். பெண்கள் எல்லோரும் மேடம் டானுக்காக வருந்தினார்கள்.

நவம்பர் 9, சனி

இன்றைய வகுப்புக்கு ருக்கையாவும் வந்தாள், வேடிக்கை பார்க்க. பின்வரிசையிலிருந்து, "தலையைப் பிடிங்க, தலையை" என்று தமிழில் சத்தம் போட்டாள். யாருக்கும் புரியவில்லை, எனக்கு மட்டும் புரிந்தது. தலையைப் பிடித்தேன்.

வீட்டுக்கு வந்ததும் கட்டிலில் மல்லாந்து படுத்துக்கொண்டாள். "எங்க, பொம்மை இல்லாம செய்யுங்க."

தோளில் ஒரு கை, இடுப்பில் ஒரு கை. அவசரப்படாமல் என் பக்கமாக இழுத்தேன். கண்ணை இறுக மூடியிருந்தாள். திரும்பினாள்.

"மறுபடி" என்றாள்.

மறுபடி.

"நகத்தை வெட்டுங்க" என்றாள். வெட்டினேன்.

டிசம்பர் 6, வெள்ளி

சப்பாத்தி மீண்டும் தொடங்கியாயிற்று. ருக்கையா நாற்காலியில் உட்கார்ந்து தேய்க்கிறாள், நான் சுடுகிறேன். அவள் தேய்ப்பது வட்டமாக வருகிறது. இதைப் பற்றி நாங்கள் பேசிக்கொள்வதில்லை.

ஹஸீனா லிஃப்டில் பிடித்துக்கொண்டாள். "லாத்தா இப்பச் சோத்துக்கு வர்றதில்ல மச்சான். என்ன பண்ணீங்க?"

நகம் வெட்டினேன் என்றேன்.

2025 ஜனவரி 16, வியாழன்

7.8.

எப்போது வைத்துக்கொள்ளலாம் என்று டாக்டர் என்னைக் கேட்டார். நான் ருக்கையாவைப் பார்த்தேன். "நோன்புக்கு முன்னால" என்றாள். அதை ஆங்கிலத்தில் சொன்னேன். அதைத் தவிர நான் ஒன்றும் பேசவில்லை.

பிப்ரவரி 11, செவ்வாய்

உள்ளே கொண்டுபோய்விட்டார்கள். புத்தகம் கொண்டுவந்திருக்கிறேன். ஒரே பக்கத்தில் இருக்கிறேன்.

பிப்ரவரி 17, திங்கள்

இன்று காலை ருக்கையாவைக் குளிப்பாட்டினேன். தண்ணீர் சூடு போதவில்லை என்றாள்.