மான் வரவில்லை என்று சொன்னேன்

இன்று விடியக் கேற்றைத் திறந்தபோது மான் மூத்திர நெடி மூக்கில் அடித்தது, மாமி. உங்கள் யன்னலுக்குக் கீழே புழுக்கையும் கிடந்தது. தண்ணீர் ஊற்றிக் கழுவினேன். நெடி போகவில்லை. வேலையைப் போட்டுவிட்டு இதை எழுத இருந்துவிட்டேன்.

நான் கலியாணம் முடித்து வந்தபோதே ஊருக்குள் திரிகிற இந்த மான்கள் நம் ஒழுங்கைக்கு வந்துகொண்டிருந்தன. வெயில் ஏறினால் கோட்டைப் பக்கத்து மர நிழலில் படுத்துவிடும். காலைப் பூசை மணி அடிக்கிற நேரமும், பிறகு பொழுது சாய்ந்த மைம்மலிலும்தான் மேய இறங்கும். நீங்கள் பிலா இலையோடு யன்னலடியில் காத்திருப்பீர்கள். என்னோடு முகம் கொடுத்துக் கதைக்காத நீங்கள் மான்களோடு கதைப்பீர்கள்.

என் பிள்ளை வயிற்றிலேயே இறந்து, நான் ஆஸ்பத்திரியால் வந்த மூன்றாம் நாள் ஒரு பெண்மான் குட்டியோடு வந்தது. என்னைக் கூப்பிட்டீர்கள். ஆறுதலுக்குத்தான் என்று நினைத்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழும்பி வந்தேன். பக்கத்து வீட்டு அக்காவும் நின்றார்.

"பார். இந்த மிருகத்துக்கு ஏலுமானது உனக்கு ஏலாமப் போச்சு."

அக்கா தலையைக் குனிந்துகொண்டார். நீங்கள் குட்டிக்கு இலை நீட்டினீர்கள்.

பதினொரு வருடம் கழித்து உங்களுக்குப் பாரிசவாதம் வந்து, ஒரு பக்கம் விளங்காமல் போனது. மான்களை அம்மா பார்க்கட்டும் என்று உங்கள் மகன் கட்டிலை யன்னலோரம் இழுத்துப் போட்டுவிட்டுத் துறைமுக வேலைக்குப் போனார். அவர் போனதும் யன்னலைப் பூட்டினேன். ஏழு மாதம், மான் வருகிற அந்த இரண்டு நேரமும் பூட்டினேன். அவர் வீட்டில் நின்ற நாட்களில் நுளம்பு வரும் என்றேன்.

மற்றப்படி உங்களைக் குறை விடாமல் பார்த்தேன். கஞ்சி பருக்கினேன். முதுகில் ஒரு புண் வர விடவில்லை. பின்னேரமானால் மான் வந்ததா என்று குழறிக் குழறிக் கேட்பீர்கள். இப்போது வருவதில்லை, நாய்கள் கலைத்துவிட்டன என்பேன். ஒருநாள் அழுதீர்கள். நான் நின்று பார்த்தேன். எனக்கு நன்றாக இருந்தது, மாமி.

கடைசிக் கிழமை, வாய் துடைத்துவிட்டபோது விளங்குகிற கையால் என் கையைப் பிடித்து, குழறிக் குழறிச் சொன்னீர்கள்.

"காலும் கையும்தான் ஏலாது, பிள்ளை. காது கேக்கும். யன்னலடிச் செவ்வரத்தையை மான் கடிக்கிற சத்தம் ஒவ்வொரு நாளும் கேட்டது."

"இவரிட்டச் சொன்னீங்களோ?"

"இல்லை."

கையை உருவிக்கொண்டு குசினிக்குள் போனேன். அன்றுகூட யன்னலைத் திறக்கவில்லை.

மகனிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர் என்னை ஏசியிருப்பார். நானும் அந்த மூன்றாம் நாள் கதையை எடுத்துப் போட்டிருப்பேன். நீங்கள் வாய் திறக்காமல் போய்விட்டீர்கள். செத்த வீட்டில் அவர் எல்லோருக்கும் முன்னால் என் கையைப் பிடித்து, "என்ர அம்மாவை நீ பெத்த தாய் மாதிரிப் பாத்தனி" என்று அழுதார். வீட்டுக்கு வருகிற ஆட்களிடம் இன்றும் அதைத்தான் சொல்கிறார். நான் பக்கத்துக் கதிரையில் இருந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன்.