கோப்பி அக்டோபர் நாலு வரை இருக்க வேண்டும்

ஆகஸ்ட் 11, திங்கள்

வயிற்று வலி என்று சொல்லி எம்.சி. லீவு எடுத்தேன். வயிற்றில் வலி ஒன்றும் இல்லை, எரிச்சல்தான். ஃபேக்டரியில் போய் நின்றால் யாரையாவது கடித்து வைப்பேன்.

நேற்று மத்தியானம் ஜெயமணி லோரியைக் கொண்டுவந்து வீட்டு வாசலில் நிறுத்தினார். மெர்லிமாவ் பக்கம் தோட்டத்திலிருந்து எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றுகிறவர். "அக்கா, கொஞ்சம் வந்து பாருங்க. இது உங்க வீட்டு நாய்தானே?" என்றார். சீட்டுக்குக் கீழே கோணியில் ஒரு எலும்புக் கூடு கிடந்தது, மூச்சு மட்டும் ஓடியது. பன்றி கிழித்த இடது காதை வைத்துத்தான் அடையாளம் தெரிந்தது. கோப்பி. என் புருஷன் ஜோனாஸ் குட்டியிலிருந்து வளர்த்த கோப்பி.

ஜோனாஸ் போய் மூன்று வருஷம் ஆகிறது. அவரோடு பன்றி வேட்டைக்குப் போகும் கிளாரன்ஸ், முப்பதாம் நாள் பூசை முடிந்த கையோடு வந்து நின்றான். "வேட்டை நாயக் கட்டிப் போட்டா ஏங்கிச் செத்துரும் அண்ணி. எங்கிட்ட குடுங்க. அண்ணன் மாதிரி பாத்துக்குறேன்." கொடுத்தேன். போன மாதம் அதே கிளாரன்ஸ் சர்ச் வாசலில் கண்ணைத் துடைத்துக்கொண்டு, கோப்பியைப் பன்றி குத்திவிட்டது, குத்துப்பட்டு எங்கேயோ ஓடிவிட்டது, மூன்று நாள் தேடினேன், கிடைக்கவில்லை என்றான். நானும் அழுதேன். அவன் தோளைத் தட்டி ஆறுதல் சொன்னேன் - இந்தக் கையால்.

உடம்பில் புதுக் குத்து ஒன்றும் இல்லை. கழுத்தில் கடித்து அறுத்த நீலக் கயிறு. குலை ஏற்றும் இடத்தில் வேலை செய்யும் வங்காளதேசத்துப் பையன்கள் ஜெயமணியிடம் சொல்லியிருக்கிறார்கள்: ஒருவர் பிக்அப்பில் வந்தார், மரத்தில் கட்டினார், போய்விட்டார். பிக்அப் கதவில் மாதா ஸ்டிக்கர். கிளாரன்ஸ் வண்டி. அறுத்துக்கொண்டு வந்த நாய்க்கு அந்தப் பையன்கள்தான் சோறு போட்டார்கள்.

ஓட முடியாத நாயைக் கட்டுவானேன்? பின்னாலேயே வந்துவிடும் என்றுதானே?

ஜெயமணியிடம் வாயைத் திறக்கக் கூடாது என்று சொல்லிவிட்டேன்.

ஆகஸ்ட் 13, புதன்

டவுனில் கிளினிக். சின்ன வயது சீன டாக்டரம்மா. இதயத்தில் புழு என்றாள், கொசு கடித்து வருவதாம். இதயம் வீங்கி, நுரையீரலிலும் வயிற்றிலும் தண்ணீர் கோத்திருக்கிறது. இந்த வயதில் புழுவைக் கொல்ல மருந்து கொடுத்தால் நாயும் சேர்ந்து போய்விடும். தண்ணீரை வெளியேற்ற மாத்திரை, மூச்சுக்கு மாத்திரை. முன்பல் இரண்டு உடைந்திருக்கிறது, கயிற்றைக் கடித்ததில் இருக்கும்.

ரொம்ப நாளாகவே இதற்குக் களைப்பு இருந்திருக்கும், ஓட விட்டிருக்கக் கூடாது என்று மலாயில் என்னைக் கண்டித்தாள். நானா ஓட விட்டேன்? வாயை மூடிக்கொண்டு வாங்கிக்கொண்டேன். ஈஸ்டர் சமயத்தில் கிளாரன்ஸ் சொன்னது ஞாபகம் வந்தது: "கோப்பிக்குப் பயம் வந்துருச்சு அண்ணி. பாதி வழியில படுத்துக்குது." பயமாம். இதயம் முழுக்கப் புழுவை வைத்துக்கொண்டு ஒவ்வொரு ஞாயிறும் அவனுக்குப் பன்றி விரட்டியிருக்கிறது, அதற்குப் பெயர் பயம்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

பூசை முடிந்து அறிவிப்பு நேரத்தில் மைக்கைப் பிடித்தவன் யார்? அவனேதான். அக்டோபர் நாலு, புனித பிரான்சிஸ் திருநாள், சாயங்காலம் சர்ச் வளாகத்தில் வளர்ப்புப் பிராணிகளுக்கு ஆசீர்வாதம். "என் கோப்பிய நெனச்சு இந்த வருஷம் நானே முன்ன நின்னு நடத்துறேன்." குரல் தழுதழுத்தது. பாடகர் குழு ஷெர்லீன் மூக்கை உறிஞ்சினாள்.

எனக்கு உடம்பெல்லாம் சூடு. அப்போதே எழுந்து கத்தியிருப்பேன். கத்தினால் என்ன ஆகும்? புருஷன் போன துக்கத்தில் ஏதோ பேசுகிறாள் என்பார்கள். வேண்டாம். அவன் மைக்கைப் பிடித்து நிற்கும்போது, அவன் கூட்டிய கூட்டத்துக்கு முன்னால், அவன் தொலைத்த நாயை நான் கொண்டுபோய் வைப்பேன். கயிற்றோடு.

வீட்டுக்கு வந்து அதன் முன்னால் உட்கார்ந்து சொன்னேன்: "அக்டோபர் நாலு வரைக்கும் நீ சாகக் கூடாது. அதுக்கப்புறம் உன் இஷ்டம்." வாலை ஒரு தடவை தரையில் தட்டியது. பேசி முடித்தாயிற்று.

ஆகஸ்ட் 19

மாத்திரையைச் சார்டினில் வைத்தால் சார்டினைத் தின்றுவிட்டு மாத்திரையைத் துப்புகிறது. ஈரலில் வைத்தால் விழுங்குகிறது. ஜோனாஸுக்குக்கூட இத்தனை ஈரல் சமைத்ததில்லை.

ஆகஸ்ட் 28, வியாழன்

தண்ணீர் மாத்திரை கொடுத்தால் நின்ற இடத்திலேயே போய்விடுகிறது. வேலைக்குப் போகுமுன் ஒரு தரம், வந்ததும் ஒரு தரம் தரையைக் கழுவுகிறேன். அடுப்படிப் படி ஒன்றே ஒன்று, அதை ஏற முடியவில்லை. முன்காலைப் படியில் வைத்துவிட்டு, பின்னங்கால் வருமா என்று யோசித்து நிற்கிறது. வயிற்றுக்குக் கீழே துண்டைக் கொடுத்துத் தூக்கிவிடுகிறேன். இருமல் வேறு, நாற்பது வருஷம் சுருட்டுப் பிடித்த கிழவர் மாதிரி.

இதெல்லாம் பரவாயில்லை. எதிர் லைன் வீடு ஒன்றில் ஒரு பிக்அப் இருக்கிறது. அது கிளம்பும் சத்தம் கேட்டால் போதும், என் கையால் ஈரல் தின்றுகொண்டிருக்கும் நாய் அதை விட்டுவிட்டு எழுந்திருக்கப் பார்க்கிறது. எழுந்து, விழுந்து, மறுபடி எழுந்து. யார் வந்திருப்பதாக அதற்கு நினைப்பு?

கேட்கவே வேண்டாம். எனக்குத் தெரியும்.

செப்டம்பர் 7, ஞாயிறு

கிளாரன்ஸ் வந்தான். கேட்டுக்கு வெளியே நின்று, ஆசீர்வாதத்தன்று ஜோனாஸ் படத்தை வைத்து மெழுகுவத்தி ஏற்றலாமா என்று கேட்டான். என்ன நெஞ்சழுத்தம் பாருங்கள். நான் கேட்டைத் திறக்கவில்லை. அந்த நேரம் பார்த்து உள்ளே இருமல்.

"யாரு அண்ணி இருமுறது?"

"மாமா வந்திருக்காரு. காசம்."

"டாக்டர்கிட்ட காட்டுங்க லா, கேக்கவே பாவமா இருக்கு."

பாவமா இருக்காம். சிரிப்பு வந்துவிட்டது, கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

அவன் போன பிறகு உள்ளே வந்தால், அடுப்படியில் படுத்துக் கிடந்தது முன் வாசல்வரை தன்னை இழுத்துக்கொண்டு வந்திருக்கிறது. வழி நெடுக ஈரம். கதவிடுக்கில் மூக்கை வைத்து மோந்துகொண்டிருக்கிறது, வால் ஆடுகிறது. எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. மானங்கெட்ட நாயே, உன்னக் கட்டிப் போட்டுட்டுப் போனவன்டா அவன், புத்தியிருக்கா உனக்கு, யாருக்காக நான் இத்தனை பாடுபடுறேன் - கையை ஓங்கிவிட்டேன். அது கண்ணை மட்டும் மூடிக்கொண்டது.

அடிக்கவில்லை. தரையைத் துடைத்தேன்.

செப்டம்பர் 20, சனி

டாக்டரம்மா கோப்பியின் வயிற்றிலிருந்து ஊசி போட்டுத் தண்ணீர் எடுத்தாள். பிறகு நாற்காலியை இழுத்துப்போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள். போதும் ஆன்ட்டி, ரொம்பக் களைத்துவிட்டது, தூங்க வைத்துவிடலாம் என்றாள். வலி தெரியாது என்றாள்.

அக்டோபர் நாலுக்கு அப்புறம் என்றேன்.

ஏன் என்று கேட்டாள். சர்ச்சில் ஆசீர்வாதம் இருக்கிறது, அதை வாங்கிக்கொண்டு போகட்டும் என்றேன். அவள் கண் கலங்கிவிட்டது. என் கையைப் பிடித்துக்கொண்டு, உங்களை மாதிரி எல்லோரும் இருந்தால் நன்றாயிருக்கும் என்றாள்.

வாங்கிக்கொண்டு வந்தேன், அதையும்.

செப்டம்பர் 24, புதன்

ஜெயமணி பழம் கொண்டுவந்தார். குனிந்து கோப்பியின் தலையைத் தடவினார். உட்கார்ந்தபடியே தூங்குகிறது இப்போது. படுத்தால் மூச்சு அடைக்கிறது. தலை சரிந்து, சட்டென்று விழித்து, மறுபடி சரிகிறது.

"விட்டுருங்க அக்கா."

இன்னும் பத்து நாள்தான் என்றேன்.

"நாயப் பாத்துக்கத்தான் உங்ககிட்ட கொண்டாந்தேன். நீங்க சாட்சியில்ல வளத்துக்கிட்டு இருக்கீங்க."

எனக்குச் சுருக்கென்றது. ஏன், அவன் செய்ததை அப்படியே விட்டுவிடவா என்று சத்தம் போட்டேன். அவர் பழத்தை மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டார். ஆனாலும் நாலாம் தேதி கார் கொண்டுவருவார். சொன்னால் செய்கிற மனிதர்.

அக்டோபர் 1

ஈரலும் வேண்டாம் என்றுவிட்டது. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று காதில் சொல்லிக்கொண்டே இருக்கிறேன்.

அக்டோபர் 4, சனி

ஜெயமணியும் நானும் துணி வைக்கும் பெரிய கூடையில் வைத்துத் தூக்கிக்கொண்டு போனோம். பூனைகள், கிளி, பிளாஸ்டிக் பையில் ஒரு மீன், யாரோ ஆமைகூடக் கொண்டுவந்திருந்தார்கள். கயிறு என் ஹேண்ட்பேக்கில். என்ன சொல்ல வேண்டும் என்று வாரக்கணக்கில் ஒத்திகை பார்த்திருந்தேன். கிளாரன்ஸ், இதுதான் நீ கட்டிப் போட்ட கோப்பி. அவ்வளவுதான். அதற்கு மேல் வேண்டியதில்லை.

அவன் மைக்கில் பேசிக்கொண்டிருந்தான். கூடையைப் பார்த்தான். பேச்சு பாதியில் நின்றது. முகத்தில் ரத்தம் இல்லை. அதைப் பார்த்தேன், நன்றாகப் பார்த்தேன், நான் ஆசைப்பட்ட முகம் அதுதான்.

நான் வாயைத் திறக்குமுன் கூடை ஆடியது. எழுந்துவிட்டது. துண்டு கொடுத்துத் தூக்கினால்தான் நிற்கும் நாய் தானாக வெளியே இறங்கி, நாற்காலிகளுக்கு நடுவில் நடந்தது. விழுந்தது. மறுபடி நடந்தது. அவனுடைய இடது பக்கம் போய், காதை முன்னால் தள்ளி, நிமிர்ந்து உட்கார்ந்தது. வேட்டைக்கு இறக்கிவிடும்போது அப்படித்தான் உட்காரும், ஏவலுக்குக் காத்து. ஜோனாஸ் பழக்கியது.

கூட்டமே கை தட்டியது. ஷெர்லீன் விம்மி அழுதாள். காணாமல் போனதைக் கடவுள் திருப்பிக் கொடுத்தார் என்று ஃபாதர் தீர்த்தம் தெளித்தார். கிளாரன்ஸ் மைக்கைக் கீழே இறக்கினான்.

என் கை பைக்குள் கயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தது. எடுக்கவில்லை. பயமா? இல்லை. அது மூச்சு வாங்கி வாங்கி, நாக்கு நீலம் பாரித்து, இன்னும் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. போ என்றால் போகும். அந்த இதயத்தை வைத்துக்கொண்டு பன்றியைத் தேடிப் போகும். ஓட்டம் முடிந்துவிட்டது என்று அதற்கு யாருமே சொல்லவில்லை. அவனும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்றுதானே சொன்னேன்.

அக்டோபர் 5, ஞாயிறு

விடிந்ததும் கேட்டுக்கு வெளியே கிளாரன்ஸ். ராத்திரி தூங்கவில்லை போல.

"நான்தான் கட்டிப் போட்டேன் அண்ணி. சுட்டுரலாம்னுதான் கொண்டு போனேன். துப்பாக்கியத் தூக்குனா வால ஆட்டுது. முடியல. அதான் கட்டிப் போட்டுட்டு ஓடியாந்துட்டேன்." பிறகு, "இன்னைக்குத் தைரியம் வரல. அடுத்த ஞாயித்துக்கெழம பூசையில எல்லார் முன்னாடியும் சொல்லிடுறேன்."

நான் ஆசைப்பட்டது கேட்காமலே மடியில் விழுந்தது. ஒரு வாரம் பொறுத்தால் போதும். கோப்பிக்கு ஒரு வாரம் இல்லை, ஒரு நாளே அதிகம்.

"நாளைக்குக் கிளினிக் தொறந்ததும் கொண்டு போகணும். என்னால தூக்க முடியாது. வண்டியக் கொண்டா" என்றேன்.

அக்டோபர் 6, திங்கள்

பிக்அப்பின் முன்சீட்டில் என் மடியில் வந்தது. மேசைமேல் வைத்ததும் மறுபடி நிமிர்ந்து உட்காரப் பார்த்தது. டாக்டரம்மா ஊசியோடு காத்திருந்தாள்.

"சொல்லு அதுகிட்ட" என்றேன் அவனிடம்.

"என்ன சொல்ல?"

"முடிஞ்சுதுன்னு சொல்லு. நீ சொன்னாத்தான் கேக்கும்."

அவன் குனிந்து, "போதும் கோப்பி. முடிஞ்சுது. வீட்டுக்குப் போலாம்" என்றான். அதற்குப் பிறகுதான் தலையை என் கைமேல் வைத்தது. கனமாக வைத்தது.

எங்கள் வீடு ஓரத்து வீடு, பக்கத்தில் கொஞ்சம் மண் இருக்கிறது. அவன்தான் குழி தோண்டினான். வேர்த்துக் கொட்டியது. குடிக்கத் தண்ணீர்கூட நான் கொடுக்கவில்லை. அவனை மன்னிக்கவில்லை, இனியும் மாட்டேன். ஆனால் குழியின் இந்தப் பக்கம் நின்று பார்க்க எனக்கும் கூசியது.

அக்டோபர் 12, ஞாயிறு

பூசைக்குப் போகவில்லை. ஃபேக்டரியில் ஓ.டி. வேலை கேட்டு வாங்கினேன். அறிவிப்பு நேரம் வந்தபோது கடிகாரத்தைப் பார்த்தேன், அப்புறம் பார்க்கவில்லை.

சாயங்காலம் ஷெர்லீன் விடாமல் போன் அடித்தாள். சொல்வதற்கு அவளிடம் ஏதோ இருக்கிறது. நான் எடுக்கவில்லை. வாளியில் தண்ணீர் பிடித்து அடுப்படியையும் வாசலையும் கழுவினேன். கழுவி முடித்த பிறகுதான், இனிமேல் தினமும் கழுவ வேண்டியதில்லை என்று ஞாபகம் வந்தது.