முன்கூட்டியே பிடித்த நோன்பு

பலாபத்வல,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புக் கணவர் பஸ்லிக்கு, உங்கள் நுஸ்லா ஸலாம் சொல்லி எழுதுவது.

அல்ஹம்துலில்லாஹ், நாங்கள் எல்லோரும் சுகம். அங்கே வெயில் குறைந்ததா? போனில் பேசினால் மாமி பக்கத்திலேயே இருக்கிறார், அதனால்தான் எழுதுகிறேன். பக்கத்து வீட்டு நாச்சியா ராத்தாவின் மகன் லீவு முடிந்து கத்தாருக்கு வருகிறார், அவர் கையில் கொடுத்துவிடுகிறேன்.

மாமிக்கு முழங்கால் வலி அப்படியேதான். கடைக்காரருக்குக் கராம்பு காம்பு கிள்ளிக் கொடுத்து என் விரலெல்லாம் எரிகிறது. மகளுக்குக் காய்ச்சல் விட்டுவிட்டு வந்தது, இப்போது பரவாயில்லை.

சீசனுக்கு முன் நடக்கும் உதைபந்தாட்டத் தொடர் மாத்தளையில் முடிந்தது. கொழும்பிலிருந்து சம்பளத்துக்கு ஆடும் கழகங்கள் வந்திருந்தன. உங்கள் தம்பி ஸுஹைல் நம் ஊர்க் கழகத்துக்கு ஆடினான். கொழும்புக் கோச் ஒருவர் ஆள் எடுக்கப் போகிறார் என்பது உங்களுக்கும் தெரியும். தம்பிக்குச் சம்பளம் வந்தால், இந்த அக்ரிமெண்ட் முடிந்ததும் வீட்டுக்கே வந்துவிடுவேன் என்று நீங்கள் சொன்னதிலிருந்து இங்கே வேறு பேச்சே இல்லை.

நானும் மகளும் குடையைப் பிடித்துக்கொண்டு பார்க்கப் போனோம். முதல் பாதியில் அவன் ஆடிய ஆட்டம்! கொழும்பு ஆட்களின் காலில் பந்து நிற்கவே விடவில்லை. கோச் எழும்பி நின்று அவன் பெயரைக் கேட்டார். நான் வெட்கத்தை விட்டுச் சத்தம் போட்டேன். இரண்டாம் பாதியில் ஆள் அப்படியே சுருண்டுபோனான். பந்து பக்கத்தில் வந்தும் ஓடவில்லை. தண்ணீர் கொடுத்தார்கள், தலையில் ஊற்றினான், குடிக்கவில்லை. கடைசியில் புல்லிலேயே உட்கார்ந்துவிட்டான். கால் நன்றாக இருக்கிறது, தம்தான் இல்லை என்று கோச் சிங்களத்தில் சொல்லிவிட்டு, வேறொரு பையனை விசாரிக்கப் போய்விட்டாராம்.

வீட்டுக்கு வந்து கேட்டால், ஆள் நோன்பு! தன் நானா, அதுதான் நீங்கள், ஊரோடு வந்துவிட வேண்டும் என்று மூன்று நோன்பு நேர்ந்திருக்கிறான். காரியம் நடந்த பிறகு பிடிக்க வேண்டியதை முன்கூட்டியே பிடித்திருக்கிறான் இந்தப் புத்திசாலி. பள்ளிவாசல் ஹஸ்ரத்திடம் கேட்டோம், அவரும் அதைத்தான் சொன்னார். கோச்சிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்றேன். "அல்லாஹ்வுக்காகப் பிடிச்சதை அந்தாளுகிட்ட சாட்டாச் சொல்றதா மதினி?" என்றான். எனக்குக் கோபமும் வந்தது, அழுகையும் வந்தது.

மாமி அன்றிலிருந்து அவனைத் திட்டித் தீர்க்கிறார். நீங்களும் தொடங்கிவிடாதீர்கள். போன் எடுத்தால் ஆட்டத்தைப் பற்றிப் பேசவே வேண்டாம். சாப்பிட்டாயா என்று மட்டும் கேளுங்கள், போதும்.

அக்ரிமெண்டில் மறுபடி கையெழுத்துப் போடத்தான் வேண்டுமென்றால் போடுங்கள். வாருங்கள் என்று சொல்லிச் சொல்லி நான் களைத்துவிட்டேன். வாப்பா எப்போது வருவார் என்று மகள் கேட்கிறாள், அவளுக்கு நீங்களே பதில் சொல்லுங்கள்.

மிச்ச நோன்பையும் பிடித்தே தீருவேன் என்கிறான் ஸுஹைல். நாளைக்கு அவனோடு சேர்ந்து நானும் பிடிக்கிறேன். நீங்கள் வந்த பிறகுதான் பிடிக்க வேண்டும் என்று எனக்கும் தெரியும். அதுவரைக்கும் பொறுத்திருக்க என்னால் முடியவில்லை. அல்லாஹ் குறை பிடிக்காமல் ஏற்றுக்கொள்ளட்டும்.

உங்கள்,
நுஸ்லா.